நெல்லுக்கு நாள்காட்டி தெரியும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரமாக இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தால் போதும். பரீட்சை வைக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

பழைய நெல் ரகங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் உங்களில் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, எங்கள் தாத்தா காலத்தில் ஒரு வயலில் ஆடியில் விதைத்து, இன்னொரு வயலில் ஆவணியில் விதைத்தாலும் இரண்டும் தை மாதத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே அறுப்புக்கு வருமாம். இப்போது இருபது நாள் பிந்தி விதைத்தால் அறுப்பும் இருபது நாள் பிந்திப் போகிறதே, ஏன்?"

நல்ல கேள்வி. இதற்குள் ஆயிரம் வருட வரலாறு இருக்கிறது. தாத்தா சொன்னது கதை அல்ல, உண்மை. அந்தப் பழைய சம்பா நெல்லுக்கு நாள்காட்டி தெரியும். இன்றைய நெல் பலவற்றுக்கு அது தெரியாது. தெரியாதபடி நாம்தான் மாற்றினோம். ஏன் மாற்றினோம், அதனால் கிடைத்தது என்ன, நம் தலையில் வந்து விழுந்த வேலை என்ன என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் நெல்லின் வயதைக் கணக்குப் போடுவோம். 105 நாள், 135 நாள், 160 நாள், 180 நாள் என்று ரகத்துக்கு ஒரு வயது சொல்கிறோம். ஆனால் எந்த நெல்லை எடுத்தாலும் தண்டுக்குள்ளே கதிர்க்குருத்து உருவான பிறகு பூக்க ஏறக்குறைய 35 நாள் ஆகும். பூத்த பிறகு பால் பிடித்து, மணி முற்றி அறுப்புக்கு வர இன்னும் 30 நாள். ஆக இந்த 65 நாள் எல்லா ரகத்துக்கும் கிட்டத்தட்டப் பொது. வித்தியாசம் முழுவதும் அதற்கு முந்தைய கட்டத்தில்தான், அதாவது நாற்றாக வளர்ந்து தூர் கட்டி நிற்கும் காலத்தில். 105 நாள் நெல் அதை 40 நாளில் முடித்துவிடுகிறது. 180 நாள் நெல் 115 நாள் எடுத்துக்கொள்கிறது.

இனிமேல் இலை போதும், கதிருக்கு வேலை செய்வோம் என்று செடி எப்போது முடிவு செய்கிறது? பழைய சம்பா ரகங்கள் இதை முடிவு செய்வது இரவின் நீளத்தைப் பார்த்து. குழந்தைப் பருவம் கடந்த செடி, இரவு குறிப்பிட்ட அளவுக்கு நீளும் வரை காத்திருக்கும். நீண்டதும் கதிர்க்குருத்து உருவாகிவிடும். ஆடியில் விதைத்த செடியும் ஆவணியில் விதைத்த செடியும் ஒரே வானத்தின் கீழ்தான் நிற்கின்றன. ஐப்பசியில் இரவு நீளும்போது இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மணி அடிக்கிறது. முந்தி விதைத்தது கூடுதலாகத் தூர் கட்டியிருக்கும், உயரமாக இருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கு ஒருவன் எட்டு மணிக்கே வந்தான், இன்னொருவன் ஒன்பதேகாலுக்கு வந்தான். பிரார்த்தனை மணி இருவருக்கும் ஒன்பதரைக்குத்தானே!

செடிகள் இப்படிப் பகலையும் இரவையும் அளக்கின்றன என்பது அறிவியலுக்குப் பிடிபட்டு நூறு வருடம்தான் ஆகிறது. அமெரிக்க வேளாண் துறையில் வேலை பார்த்த கார்னர், அல்லார்ட் என்ற இருவரிடம் ஒரு புகையிலை ரகம் இருந்தது. கோடையில் அது ஆள் உயரத்துக்கும் மேலே வளர்ந்துகொண்டே போகும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் சிறியதாக இருக்கும்போதே பூத்துவிடும். வெப்பமா, உரமா, ஈரமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். கடைசியில் கோடையில் செடியைத் தொட்டியோடு தூக்கி மாலைக்கு முன்பே இருட்டறைக்குள் வைத்தார்கள். பூத்துவிட்டது! பகலின் நீளம்தான் காரணம் என்று 1920-ல் எழுதினார்கள்.

அதற்கும் மேலே ஒரு படி 1938-ல் ஏறினார்கள். ஹாம்னர், பானர் என்ற இருவர், நம் ஊர்த் தரிசுகளில் முளைக்கும் மருளூமத்தை இனச் செடியை வைத்துச் சோதித்தார்கள். நீண்ட இரவின் நடுவே கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டாலே அது பூக்க மறுத்தது. ஆக, செடி உண்மையில் அளப்பது பகலை அல்ல, இடைவிடாத இருட்டை. தெருவிளக்கை ஒட்டிய வயலில், விளக்கு வெளிச்சம் படும் இடத்து நெல் மட்டும் கதிர் விடாமல் பச்சையாக நிற்பதைச் சில ஊர்களில் பார்க்கலாம். காரணம் இதுதான். பாவம், அந்தச் செடிகளுக்கு இரவே வரவில்லை.

இந்த அளவை எவ்வளவு நுட்பமானது தெரியுமா? தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 11 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஜூன் மாதத்து நீண்ட பகல் 12 மணி 45 நிமிடத்தை ஒட்டி இருக்கும். டிசம்பர் மாதத்துக் குறுகிய பகல் 11 மணி 30 நிமிடத்தை ஒட்டி. வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். கைக்கடிகாரம் இல்லாமல் நமக்கு இது தெரியவே தெரியாது. நெல்லுக்குத் தெரியும்.

மலேசியாவின் மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு இன்னும் அருகில், சுமார் 2 பாகையில் இருக்கிறது. அங்கே வருடம் முழுவதும் சேர்த்துப் பகல் நீளம் மாறுவது வெறும் 14 நிமிடம். அங்கே 'சியாம் 29' என்ற நெல்லை மாதம் தவறாமல் விதைத்துப் பார்த்த டோர் என்ற ஆய்வாளர் 1959-ல் முடிவை வெளியிட்டார். செப்டம்பரில் விதைத்தால் 161 நாளில் பூத்த அதே நெல், ஜனவரியில் விதைத்தால் 329 நாள் எடுத்துக்கொண்டது. 14 நிமிட வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் கடிகாரம்!

சரி, நெல்லுக்கு ஏன் இப்படி ஒரு கடிகாரம்? பருவமழை நாடுகளில் மழை தொடங்கும் நாள் நிலையானது அல்ல. ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். ஆனால் பூக்கும் நேரம் தவறக் கூடாது. நெற்பூ காலை வேளையில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அப்போது அடைமழை கொட்டினால் மகரந்தம் வீணாகும், பதர்தான் மிஞ்சும். ரொம்பவும் பிந்திப் பூத்தால், வயல் வறண்ட பிறகு பால் பிடிக்கத் தண்ணீர் இருக்காது. மழை ஓயும் நேரத்தில் பூத்து, வெயில் காலத்தில் முற்ற வேண்டும். மழையை நம்ப முடியாது, சூரியனை நம்பலாம். ஆகவே விதை முளைப்பதை மழையிடம் விட்டுவிட்டு, பூப்பதைச் சூரியனிடம் ஒப்படைத்துக்கொண்டது நெல். காட்டு நெல்லிலிருந்தே வந்த குணம் இது.

நம் முன்னோர் ஜீன் என்ற சொல்லைக் கேட்டவர்கள் அல்லர். ஆனால் இந்தக் குணத்தை முழுவதுமாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள். பட்டம் என்று அவர்கள் சொன்னது வெறும் சம்பிரதாயம் அல்ல. எந்த விதை எந்த மாதத்தில் மண்ணில் விழ வேண்டும் என்ற கணக்கு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியைச் சின்ன வகுப்பிலேயே எழுதி எழுதி மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

தஞ்சை வட்டாரத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. குறுவை விதையையும் 'ஒட்டடையான்' என்ற நீண்ட வயது நெல்லையும் கலந்து ஒரே வயலில் போடுவார்கள். குறுவை முதலில் முற்றும், அதை அறுப்பார்கள். அறுவாள் ஒட்டடையானையும் சேர்த்துத்தான் அறுக்கும். ஆனால் அது இன்னும் கதிருக்குப் போகவில்லை அல்லவா, தாளிலிருந்து மறுபடியும் தழைத்து வந்து, தன் காலம் வந்ததும் கதிர் விட்டு, தை வாக்கில் இரண்டாவது அறுப்பைக் கொடுக்கும். ஒரு உழவு, ஒரு விதைப்பு, இரண்டு அறுவடை. ஒன்று நாளை எண்ணும் நெல், இன்னொன்று இரவை அளக்கும் நெல். இரண்டின் குணமும் தெரிந்தவன்தான் இப்படிக் கலக்க முடியும்.

இந்தக் கணக்கு மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு நம் குடும்பத்திலேயே உதாரணம் உண்டு. என் தம்பி மகன் ஒருவன் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து விவசாயம் தொடங்கினான். நல்ல பிள்ளை, உழைப்பாளி. பாரம்பரிய நெல் போட வேண்டும் என்று ஆசை. ஓரிடத்தில் பழைய சம்பா விதை வாங்கி வந்து, போர் தண்ணீர் இருக்கிறதே என்று மாசி மாதத்தில் நட்டுவிட்டான். பயிர் தளதளவென்று வளர்ந்தது. சித்திரை போனது, வைகாசி போனது, ஆனி வந்துவிட்டது. இடுப்பு உயரம், பிறகு நெஞ்சு உயரம், கதிர் மட்டும் இல்லை. "விதை கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் பெரியப்பா" என்று போனில் வருத்தப்பட்டான். விதையில் குற்றம் இல்லை. மாசிக்குப் பிறகு பகல் நீண்டுகொண்டே போகிறது, இரவு சுருங்குகிறது. அந்தச் செடி ஐப்பசி இரவுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அவனுக்கோ டீசலும் ஆள்கூலியும் கையை விட்டுப் போய்விட்டன. கடைசியில் பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டான். பாரம்பரிய விதை வாங்கிய சில மாணவர்களும் இதே அனுபவத்தை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். நெல்லின் இந்தக் கடிகாரம் மனிதனுக்குச் சில சமயம் தடையாகவும் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவைதான் மணி அடிக்கும் என்றால் வருடத்துக்கு ஒரு போகம்தானே? அப்போதெல்லாம் மனிதன் கடிகாரம் மந்தமான, அல்லது நின்றே போன நெல்லைத் தேடிப் போயிருக்கிறான். மூன்று பயணங்களைச் சொல்கிறேன்.

முதல் பயணம் சீனாவில், 1012-ம் ஆண்டு. நம் ஊரில் ராஜராஜ சோழன் ஆட்சியின் கடைசிக் காலம், பெரிய கோவில் எழுந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சீனாவில் சோங் வம்சத்து ஜென்சோங் பேரரசர். யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் அதைச் சுற்றியும் வறட்சி. அப்போது தென்கிழக்குக் கடற்கரையில் இருந்த ஃபூஜியன் பகுதியில் ஒரு நெல் பழக்கத்தில் இருந்தது. இன்றைய நடு வியட்நாமில் இருந்த சம்பா என்ற நாட்டிலிருந்து வந்த நெல் அது. (நம் சம்பா நெல் வேறு, இந்தச் சம்பா நாடு வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) வறட்சி தாங்கும், மேட்டு நிலத்திலும் வரும், சீக்கிரம் முற்றும், பகல் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. பேரரசர் ஃபூஜியனிலிருந்து 30,000 'ஹூ' விதைநெல் வரவழைத்து வறட்சிப் பகுதிகளுக்குக் கொடுக்கச் சொன்னார். ஹூ என்பது நம் மரக்கால், கலம் போல அங்கே ஒரு முகத்தல் அளவை. விதையோடு, எப்படிப் பயிர் செய்வது என்ற குறிப்பையும் மக்களுக்கு அறிவிக்கச் செய்தார். அன்றைய வேளாண் விரிவாக்கப் பணி!

நட்டு ஏறக்குறைய 100 நாளில் முற்றிய அந்த நெல்லிலிருந்து, அடுத்த நூற்றாண்டுகளில் சீன உழவர்கள் இன்னும் குறைந்த நாள் ரகங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒரே நிலத்தில் நெல்லுக்குப் பின் இன்னொரு நெல், அல்லது நெல்லுக்குப் பின் கோதுமை என்று இரு போகம் பரவ இது பெரிய துணை. சீனாவின் மக்கள் தொகை அடுத்த நூறு வருடத்தில் 10 கோடியைத் தாண்டியதற்கு இந்த நெல்லும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள்.

இரண்டாவது பயணம் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவுக்கு. அங்கே சிக்கல் வேறு. அது 43 பாகை வடக்கு. ஜூன் மாதத்தில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். நம் சம்பா நெல்லை அங்கே விதைத்தால், இரவு நீளும் வரை காத்திருக்கும். இரவு நீளும்போது கூடவே குளிரும் வந்துவிடும். பூக்கும் முன்பே செடி செத்துப்போகும். அங்கே விளைய வேண்டுமென்றால், இரவைப் பார்க்காமல் வெப்பம் கிடைத்தவுடன் கதிருக்குப் போகும் நெல் வேண்டும்.

1870களில் ஜப்பான் அரசு அந்தத் தீவில் குடியேற்றம் நடத்தியது. அங்கே நெல் விளையாது, கோதுமையும் கால்நடையும்தான் சரி என்பது அதிகாரிகள், அமெரிக்க ஆலோசகர்களின் கருத்து. நகயாமா கியூசோ என்ற குடியானவர் இதைக் கேட்கவில்லை. 1873-ல் ஷிமாமாட்சு என்ற இடத்தில், தீவின் தென்பகுதியில் பழக்கத்தில் இருந்த 'அகாகே' என்ற நெல்லை விதைத்தார். ஓடைத் தண்ணீர் பனி போலக் குளிர்ந்திருந்ததால், வாய்க்காலைச் சுற்றி வளைத்து வெட்டி வெயிலில் சூடேற்றிப் பாய்ச்சினார். நாற்று முளைக்க, குளியலுக்குக் காய்ச்சிய வெந்நீரையும் கொண்டுபோய் ஊற்றினார் என்று அங்கே சொல்வார்கள். நெல் விளைந்தது. அந்த விதையை மற்றக் குடியேறிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்.

பிறகு 1895-ல் இன்னொரு உழவர், அகாகே வயலில் சுணை இல்லாத சில கதிர்களைப் பார்த்துத் தனியே எடுத்துப் பெருக்கினார். அதற்கு 'போசு' என்று பெயர், நம் ஊரில் 'மொட்டை' என்போமே அது மாதிரி. அது தீவெங்கும் பரவியது. இன்று ஜப்பானில் அதிகமாக நெல் விளையும் மாவட்டங்களில் ஹொக்கைடோ முன்வரிசையில் நிற்கிறது. அங்குள்ள நெல்லை அண்மைக்காலத்தில் ஆராய்ந்தபோது, நீண்ட பகலில் பூப்பதைத் தடுத்து வைக்கும் ஜீன்கள் சில அதில் வேலை செய்யாமல் போயிருப்பது தெரிந்தது. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாத காலத்தில், கடிகாரம் நின்றுபோன செடிகளைக் கண்ணாலேயே பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள் அந்த உழவர்கள்.

ஆனால் இதற்கும் விலை உண்டு. பொதிப் பருவத்தில், தண்டுக்குள் மகரந்தம் உருவாகும் நாட்களில் கடுங்குளிர் அடித்தால் கதிர் முழுக்கப் பதர். அதனால் அந்த நாட்களில் வயலில் தண்ணீரை ஆழமாகக் கட்டி, இளங்கதிரைத் தண்ணீருக்குள்ளேயே போர்த்தி வைப்பார்கள். 1993 கோடையில் வட ஜப்பானில் குளிர் நீங்கவே இல்லை. நாடு முழுவதும் நெல் விளைச்சல் வழக்கத்தைவிட நாலில் ஒரு பங்கு குறைந்தது. அரிசி இறக்குமதியே கூடாது என்றிருந்த ஜப்பான், தாய்லாந்து, சீனா, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து சுமார் 25 லட்சம் டன் அரிசி வாங்க வேண்டி வந்தது.

மூன்றாவது பயணம் நம் வயலுக்கே வந்தது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. ஜூன் மாதம் தண்ணீர் திறந்தால் குறுவை, பிறகு தாளடி என்று இரண்டு போகம் எடுக்க வழி பிறந்தது. தண்ணீர் இருந்தது, அதற்கேற்ற விதை வேண்டியிருந்தது. ஆராய்ச்சி நம்மிடம் முன்பே தொடங்கியிருந்தது. கோயம்புத்தூரில் 1912-ல் நெல் ஆராய்ச்சி நிலையம், ஆடுதுறையில் 1922-ல் இன்னொன்று. கோவையில் 1921-ல் வெளிவந்த ஜி.இ.பி. 24 என்ற நெல்லைத்தான் பல வீடுகளில் கிச்சிலிச் சம்பா என்று சமைத்துச் சாப்பிட்டோம்.

கோவையில் பணியாற்றிய கே. ராமையா என்ற நெல் அறிஞர், 1946-ல் கட்டாக்கில் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் ஆனார். நம் இண்டிகா நெல்லையும் ஜப்பானிய ஜப்பானிகா நெல்லையும் இணைத்துப் பார்க்கலாம் என்ற யோசனை அவருடையது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு 1950களில் அந்தத் திட்டம் கட்டாக்கில் நடந்தது. கலந்து பிறந்ததில் பெரும்பாலானவை மலடாகவும் பதராகவும் போயின. தேறியவை சிலவே. அதில் ஒன்று ஏ.டி.டி. 27. தாய் தகப்பன் யார் தெரியுமா? நம் ஜி.இ.பி. 24-ம், ஜப்பானின் நோரின் 10-ம். 105 நாள் வயது. 1960களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து வெளிவந்து தஞ்சைக் குறுவையை ஒரே வீச்சில் பிடித்துக்கொண்டது. அதே முயற்சியில் மலேசியாவில் 1965-ல் வெளிவந்தது மாசூரி. அதுதான் நம் ஊருக்கு வந்து 'பொன்னி' ஆனது. பொன்னிச் சோறுதான் நம் சோறு என்று பெருமையாகச் சொல்கிறோம். அது தைவானில் உருவான ஜப்பானிகா ரகத்தின் வாரிசும்கூட.

அதே சமயம் பிலிப்பைன்சில், 1960-ல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஐ.ஆர். 8 பிறந்தது. இந்தோனேசியாவின் உயரமான 'பேட்டா', தைவானின் குட்டையான ஒரு நெல், இரண்டின் கலப்பு. 1966-ல் வெளியானது. குட்டை என்பதால் உரம் போட்டால் சாயாது, அதைத்தான் எல்லோரும் பேசினார்கள். பேட்டா பகல் நீளத்துக்குக் கட்டுப்படும், ஐ.ஆர். 8 பெரிதாகக் கட்டுப்படாது என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. எந்த மாதம் விதைத்தாலும் ஏறக்குறைய 130 நாளில் முடிந்துவிடும். தண்ணீர் இருந்தால் எந்த ஊரிலும், எந்தப் பருவத்திலும் போடலாம். ஒரே விதை பல நாடுகளுக்குப் போக முடிந்தது இதனால்தான்.

இதனால் எத்தனை வயிறு நிறைந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. 1960களில் ரேஷன் கடை வாசலில் பையோடு நின்ற தலைமுறை நாங்கள். கோதுமைக் கப்பல் எப்போது வரும் என்று பெரியவர்கள் பேசியது காதில் இருக்கிறது. அன்று சோறு தினப்படிச் சாப்பாடு ஆகாத வீடுகள் எத்தனையோ. புதிய நெல் வந்திருக்கவே கூடாது என்று இன்று சொல்பவர்கள் அந்தப் பசியைப் பார்க்காதவர்கள்.

ஆனால் நெல்லின் கடிகாரம் அதுவரை பார்த்து வந்த வேலையை, அது நின்ற பிறகு யார் பார்ப்பது? விடை முதல் சில வருடங்களிலேயே தெரிந்துவிட்டது. ஜூனில் விதைத்த ஏ.டி.டி. 27, புரட்டாசி, ஐப்பசி மழைக்குள் அறுப்புக்கு வந்து நின்றது. பழைய சம்பா, மழை ஓய்ந்த பிறகு தை வெயிலில் அறுப்பாகும். புதிய நெல்லுக்கு அந்தப் பக்குவம் தெரியாது. ஈர நெல்லைக் களத்தில் காயவைக்க வெயில் இல்லை, குவித்து வைத்த நெல் முளைத்தது, சோறு வாடை அடித்தது. இதைச் சமாளிக்க 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். ஈர நெல்லை எப்படிக் காப்பது என்பதுதான் அதன் வேலை. அது வளர்ந்து வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. எத்தனையோ பேர் படிக்கும் ஒரு கல்வி நிறுவனமே, நெல் பூக்கும் மாதம் மாறியதால் பிறந்தது.

மழைக்கு முன் அறுப்பா, பின் அறுப்பா என்பதை முன்பு விதையே பார்த்துக்கொண்டது. இப்போது அணைக் கதவு, பஞ்சாங்கம், வானிலை அறிக்கை, உலர்த்தும் இயந்திரம், கொள்முதல் நிலையத்தின் ஈரப்பத அளவு என்று எல்லாவற்றையும் மனிதன் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கணக்கு சரியாக வரும். ஒரு மாதம் பிந்தினால் எல்லாமே ஒரு மாதம் பிந்தும், பூக்கும் நேரம் அடைமழையில் போய் முட்டும். இரவை அளக்கும் சம்பாவாக இருந்தால் ஒரு மாதப் பிந்தலை அதுவே ஓரளவு விழுங்கிக்கொள்ளும். விளைச்சல் குறையலாம், கதிர் வரும் காலம் அவ்வளவாக மாறாது.

அப்படியானால் பழைய நெல்லுக்கே திரும்பிவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். அங்கேதான் இன்னொரு முடிச்சு இருக்கிறது. நெல்லின் கடிகாரம் வெளிச்சத்தைத்தான் அளக்கும். பூமி எவ்வளவு சூடானாலும் தஞ்சாவூரில் ஐப்பசி இரவின் நீளம் மாறப்போவதில்லை. ஆனால் அந்த ஐப்பசியின் மழையும் வெப்பமும் மாறுகின்றன. செடி சரியான நாளில் பூத்தும், அந்த நாள் பழைய நாளாக இல்லாமல் போகலாம். பூத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் கூடும்.

புதிய நெல்லுக்கும் இதில் தப்பில்லை. 105 நாள் என்று நாம் சொல்வது உண்மையில் வெப்பக் கணக்கு. குளிர்ந்தால் அதே நெல் சில நாள் கூடுதலாக எடுக்கும், சூடானால் அவசரப்பட்டு முடித்துவிடும். அவசரப்பட்டால் மணி சரியாக நிறையாது. பிலிப்பைன்ஸ் நிலையத்து வயல்களின் 1992 முதல் 2003 வரையான விளைச்சலை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. கோடைப் போகத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 பாகை கூடும்போது விளைச்சல் 10 சதவீதம் குறைந்ததாக அது சொல்கிறது. பகல் வெப்பம் அல்ல, இரவு வெப்பம். இரவின் நீளத்தைப் பார்த்த நெல்லையும் பார்க்காத நெல்லையும் இரவின் சூடு ஒன்றாகப் பாதிக்கிறது.

ஆகவே எனக்குத் தோன்றுவது இது. பழையதா புதியதா என்று கட்சி பிரித்துச் சண்டை போடுவதில் பயன் இல்லை. 1012-ல் சீனாவுக்கு உதவியது எங்கோ ஒரு சின்ன நாட்டு நெல். 1873-ல் ஹொக்கைடோவுக்கு உதவியது தீவின் ஒரு மூலையில் கிடந்த நெல். தஞ்சாவூருக்கு வந்தது ஜப்பானிய உறவு. ஒவ்வொரு முறையும் தேவைப்பட்ட குணம் வேறு யாருடைய வயலிலோ, யாரும் பெரிதாக மதிக்காத நெல்லில் இருந்தது. நாளைக்கு நமக்குத் தேவைப்படும் குணம் எந்த நெல்லில் இருக்கிறதென்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் எல்லா விதையும் உயிரோடு இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் விதை வங்கியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் குளிர் அறையில் இருக்கின்றன. நம் பக்கத்தில் மறைந்த நெல் ஜெயராமன் ஐயா ஊர் ஊராகத் திரிந்து 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். குளிர் அறையும் வேண்டும், வயலும் வேண்டும். குளிர் அறையில் விதை பிழைக்கும். எந்த மாதம் விதைப்பது என்ற அறிவு வயலில்தான் பிழைக்கும்.

விவசாயத்துக்குத் திரும்பியிருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். பழைய விதை வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தப் பட்டத்து நெல்? பிந்தி விதைத்தால் அறுப்பும் பிந்துமா, பிந்தாதா? இதற்கு முன் யார் வயலில், எந்த மாதத்தில் விளைந்தது? பதில் தெரியாவிட்டால் ஒரு சின்னப் பாத்தியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு முழு வயலுக்குப் போங்கள். வயலை ஒட்டித் தெருவிளக்கு இருந்தால் அதையும் கவனியுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சின்ன வயதில் எந்த நெல் போட்டார்கள், எந்த மாதம் விதைத்தார்கள், எப்போது அறுத்தார்கள் என்று கேட்டு, கீழே எழுதுங்கள். ஊர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ரகத்தின் பெயர் மட்டும் போதாது, மாதம்தான் முக்கியம். வருவதையெல்லாம் நான் ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதி வைக்கிறேன்.

 உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்